சாம்பலில் கலந்த கேழ்வரகு

"நான் வெச்ச சோதனையில என்ன குறை, தாயே? நீங்களே சொல்லுங்க."

சடையப்பர் இப்படிக் கேட்டபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

மலைமேல் வைத்தியம் கற்றுத்தந்த அந்த மருந்துச்சாலைக்குக் குரு செல்லாண்டியம்மாள். சடையப்பர் மூத்த சீடர். வயதில் குருவைவிடப் பெரியவர், தலை முழுக்க நரை. அதனால் குரு அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

"யார் குறை சொன்னாங்க, அண்ணா?"

"யாரும் சொல்லலை. படிக்கச் சேர வந்த அந்தப் பாவாயிதான் வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருக்குது. தேறலைம்மா, அடுத்த வருசம் வான்னு சொல்லியாச்சு. மூட்டையைக் கட்டி மடியில வெச்சுக்கிட்டு, போகவே மாட்டேங்குது."

குரு எழுந்தார். சமையல்கட்டுக்குள் போய் ஒரு பானையும் முறமும் சல்லடையும் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார்.

"விதைக் கேழ்வரகு. பூச்சி விழாம இருக்கச் சாம்பல் கலந்து வெச்சது. காலையில விதைக்கணும். சலிச்சுக்கிட்டே பேசுங்க."

சடையப்பருக்கு அது புது வேலையா என்ன? தினமும் காலையில் எல்லாருடைய களிக்கும் அவர்தான் மாவு சலிப்பார். மாவு கீழே முறத்தில் விழும். சல்லடையில் நிற்கும் கப்பியைச் சுவருக்கு அந்தப் பக்கம் தட்டிவிடுவார். காட்டுக்கோழி வந்து பொறுக்கித் தின்னும்.

சுவர் இடுப்பு உயரம்தான். அதை ஒட்டியே உட்கார்ந்தார். சல்லடை ஆட ஆரம்பித்தது.

"இங்க இருக்கிற சுனைத் தண்ணி கொஞ்சப் பேருக்குத்தான் காணும். வர்றவங்களை எல்லாம் சேர்த்துக்க முடியுமா?"

"முடியாது."

"முன்னே எப்படிச் சேர்த்தோம்? ஊர்ப் பெரியதனக்காரர் கைகாட்டுற ஆளைச் சேர்த்தோம். அவர் மச்சான் மகனுக்கு வேப்பிலைக்கும் கறிவேப்பிலைக்கும் வித்தியாசம் தெரியலை. அவனும் வைத்தியன்னு கிளம்பிப் போனான்."

குரு மெல்லச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க தாயே. நான் சின்ன வயசுல எத்தனை வாசல்ல நின்னேன் தெரியுமா? யார் மகன்டான்னுதான் முதல்ல கேட்பாங்க. சொன்னதும் கதவு சாத்திடும். நான் வெச்ச கேள்விக்கு யார் மகன், யார் மகள்னு தெரியாது."

"அது நல்ல காரியம்தான், அண்ணா."

"எல்லாருக்கும் அதே கேள்வி. ஓட்டைக் கொட்டாங்குச்சியைத் தண்ணியில விடுறேன். அது மூழ்குறதுக்குள்ள பதில் சொல்லி முடிக்கணும். எல்லாருக்கும் அதே கொட்டாங்குச்சி."

சலித்தார். தட்டினார். மறுபடி அள்ளிப் போட்டார்.

"பாவாயிக்கும் அதேதானே?"

"அதேதான். முதல் கேள்வி, காய்ச்சலுக்கு என்ன கஷாயம்? மத்தவங்க எல்லாம் நிலவேம்புன்னு சட்டுனு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிட்டாங்க. இந்தம்மா என்ன சொல்லுச்சு தெரியுங்களா?"

"என்ன?"

"காய்ச்சல் யாருக்குங்க, பெரியவங்களுக்கா குழந்தைக்கானு என்னையே கேட்குது! ஏதாச்சும் சாப்பிட்டாங்களானு கேட்குது. கேள்வி கேட்கிறது நான்மா, நீ பதிலைச் சொல்லுன்னேன். அப்படியே என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே நின்னுச்சு. கொட்டாங்குச்சி மூழ்கிடுச்சு."

குரு சல்லடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு வந்திருக்குது, கேட்டீங்களா?"

சடையப்பரின் குரல் தணிந்தது.

"கேட்டேன். அது ஊர்ல வைத்தியம் பார்க்க ஆளில்லை. ஆத்தைத் தாண்டித்தான் போகணும். போன மழைக்கு ஆத்துல வெள்ளம். இந்தம்மாவோட குழந்தை காய்ச்சல்ல கிடந்து செத்துப் போயிடுச்சு."

சல்லடையைச் சுவருக்கு அந்தப் பக்கம் தட்டிவிட்டு, மறுபடி அள்ளிப் போட்டார்.

"எனக்கும் மனசு கேட்கலை. ஆனா அதுக்காக அந்தம்மாவுக்கு மட்டும் வேற கேள்வி வைக்க முடியுமா? நேரம் கூட்டிக் கொடுக்க முடியுமா? அப்புறம் பெரியதனக்காரர் மச்சானும் வந்து நிப்பாரே."

"நிப்பார்."

"அப்ப நான் செஞ்சது சரிதானே?"

"சலிச்சு முடிச்சாச்சா, அண்ணா?"

"முடிஞ்சுது."

"விதையைக் கொடுங்க. ஊறப் போடணும்."

சடையப்பர் முறத்தைத் தூக்கி நீட்டினார்.

குரு வாங்கிக்கொள்ளவில்லை. அவர் கண் முறத்தில் இருந்தது. சடையப்பரும் குனிந்து பார்த்தார்.

முறம் நிறையச் சாம்பல். மாவு மாதிரி, மெத்தென்று.

சல்லடையைத் திருப்பிப் பார்த்தார். காலி. பானையைப் பார்த்தார். அதுவும் காலி.

"கிழிசல் இருக்குதா, அண்ணா?"

அவர் சல்லடையைத் தூக்கி, மிச்சமிருந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இல்லை தாயே. ஒழுங்காத்தான் சலிச்சிருக்குது."

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏனுங்க, யாருங்க உள்ளே? இத்தனை கேழ்வரகையும் மண்ணுல கொட்டிட்டீங்களே, கை தவறிடுச்சுங்களா?"

சடையப்பர் எட்டிப் பார்த்தார். வாசல் பக்கமிருந்து வந்த பாவாயி மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, மண்ணில் குந்தி மணிகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். அவள் மடி கனத்திருந்தது. காட்டுக்கோழிகள் கிட்டே வரப் பயந்து தள்ளி நின்றன.

அவர் வாசலைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார். அவள் எதிரே மண்டி போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அவரும் பொறுக்கினார். அவள் மடியில் போட்டார்.

பிறகு, தலை நிமிராமலே சொன்னார்.

"குழந்தைக்குத்தாம்மா காய்ச்சல். காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடலை."

பொறுக்கிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"பால் குடிக்கிற குழந்தைங்களா?" என்றாள்.