அல்லியங்கோதையைப் பாடிய நூறு வரிகள்

"என் பாட்டில் என்ன குறை? பொழுது சாய்வதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும் அம்மா."

வாசலில் நின்று மூச்சு வாங்கினார் சேந்தனார். தலை நரைத்தவர். மலைநாட்டு அரசன் நெடுவேலனின் அவையில் இருபது ஆண்டுகளாகப் பாடுபவர்.

முற்றத்தில் தினை புடைத்துக்கொண்டிருந்த மருதியார் அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் பாட்டில் ஐயம் என்றால் அந்நாட்டுப் புலவர்கள் அவரிடம்தான் வருவார்கள்.

"என்ன நடந்தது?"

"புதிதாக மணந்து வந்த அரசியைப் பாடச் சொன்னார் அரசர். நூறு வரி பாடினேன். அரசி முழுதும் கேட்டார். பிறகு, 'இது யாரைப் பற்றிய பாட்டு?' என்றார். அவையே சிரித்தது."

"அரசர்?"

"அவர் சிரிக்கவில்லை. இன்று மாலைக்குள் அரசி ஏற்கும்படி ஒரு பாட்டு வேண்டுமாம். இல்லையென்றால் நாட்டை விட்டுப் போய்விட வேண்டுமாம்."

"நூறு வரியில் என்ன இருக்கிறது?"

"மான்விழி. மயில் சாயல். மூங்கில் தோள். மின்னல் இடை."

மருதியார் சுவடியை வாங்கித் தரையில் விரித்தார். அதன்மேல் ஒரு பிடி தினையை வைத்தார்.

"எதற்கு இது?"

"உங்கள் மயிலுக்கு."

"ஏட்டில் இருக்கும் மயில் தின்னுமா?"

"அதற்குப் பசியே கிடையாதா?"

சேந்தனாருக்கு எரிச்சல் வந்தது. "விளையாட நேரமில்லை அம்மா. முன்னோர் பாடாத எதை நான் பாடிவிட்டேன்?"

"முன்னோர் பாட்டில் பெண்கள் தம் ஆசையைத் தாமே சொல்லும் இடங்கள் உண்டு. அங்கே என்ன வரும்?"

"கரையை உடைக்கும் வெள்ளம் வரும். காட்டுத்தீ வரும்." அவர் குரல் தாழ்ந்தது. "மான்விழி வராது."

"அரசிக்கு என்ன ஆசை?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

மருதியார் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

சேந்தனார் தினையை உதறிவிட்டுச் சுவடியை எடுத்துக்கொண்டார். பிறகு அரண்மனையை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"பாட்டு எங்கே?" என்றான் நெடுவேலன்.

"இன்னும் எழுதவில்லை அரசே. அரசியிடம் ஒன்று கேட்க வேண்டும்."

அவர் அரசி அல்லியங்கோதையின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, உங்கள் ஆசை எப்படி இருக்கும்? உங்கள் சொல்லிலேயே சொல்லுங்கள்."

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. நெடுவேலன் எழுந்தான்.

"என் மனைவியிடம் கேட்கிற கேள்வியா இது?"

காவலர் இருவர் புலவரை நெருங்கினார்கள். அரசி கையை உயர்த்தினாள். அவர்கள் நின்றார்கள்.

"எங்கள் ஊர் ஆறு கோடையில் வெறும் மணல்," என்றாள். "மேற்கே மழை பெய்துவிட்டால் மணலில் காதை வைத்துக் கேட்போம். கண்ணுக்கு ஒரு துளி நீர் தெரியாது. ஆனால் அடியில் அதிரும். ஊரே மேட்டுக்கு ஓடும். நான் மட்டும் காதை எடுக்கமாட்டேன். அப்படித்தான் இருக்கும்."

சேந்தனாரின் எழுத்தாணி ஓலையில் கீறியது.

நெடுவேலன் அவள் பக்கம் திரும்பினான்.

"யாரை நினைத்துச் சொல்கிறாய்?"

அல்லியங்கோதை அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"மணம் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. இன்றுதான் என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறீர்கள்."