துயில்கொடி பறந்த நேரம்

பங்குனி ஏழாம் நாள், உச்சிப்பொழுது சாய்ந்து இரண்டு நாழிகை ஆகியிருந்தது. அது எந்த ஆண்டு, எந்த நாடு என்றெல்லாம் கேட்கக் கூடாது. ஒரு நாடு இருந்தது. அதற்கு ஒரு மன்னர் இருந்தார். அவர் பகல் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து, எதையோ தொலைத்தவர்போலத் தலையணைக்கு அடியில் தேடினார். பிறகு அவையைக் கூட்டினார்.

“கனவில் ஒரு குரல் கேட்டேன். நம் குடிகளில் யாரோ ஒருவருடைய குரல். என் ஆட்சியைப் பற்றியும் நாட்டு நடப்பைப் பற்றியும் பேசிக்கொண்டே போனது. புகழ்ந்ததா, இகழ்ந்ததா, தெரியவில்லை. விழித்ததும் ஒரு சொல்கூட மிஞ்சவில்லை. ஆனால் கேட்கக் கேட்க நன்றாக இருந்தது. அந்தக் குரல் எனக்கு வேண்டும்” என்றார்.

கனவில் வந்தவரை எங்கே போய்த் தேடுவது? தலைமை அமைச்சர் சித்திரசேனர் மட்டும் மெல்ல எழுந்தார். கிடைக்காத பொருளை யாரிடம் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

“மன்னர்பிரானே, இதற்கு ஏற்றவர் விகடகவி செங்கோடனார்தான். நாள் முழுதும் குடிகளோடு சுற்றித் திரிபவர். மூன்று நாள் போதும்.”

கடைசித் தூணருகே பாக்கு மென்றுகொண்டிருந்த செங்கோடனின் வாய் நின்றது.

“சரி, மூன்று நாள். கொண்டு வராவிட்டால் இனி இந்த அவைப் பக்கம் வர வேண்டாம்” என்றார் மன்னர்.

அவை கலைந்தபோது அமைச்சர் அவன் அருகே வந்தார். “ஒன்று நினைவிருக்கட்டும், செங்கோடனாரே. மன்னரின் செவியில் விழும்படி ஆட்சியைப் பழித்தவர் எவராயினும் நாடு கடத்தப்படுவார். நான் எழுதிய சட்டம்.”

“எப்படி மறப்பேன், ஐயா? எல்லைக்கு அப்பால் நம் ஆட்களே ஒரு ஊர் கட்டிக் குடியிருக்கிறார்கள்.”

முதல் இரண்டு நாளும் அமைச்சரே முந்திக்கொண்டார். நன்றாகப் பேசக்கூடிய நாலு பேரைப் பிடித்து, குடியானவர் உடை போட்டு, மன்னரின் படுக்கையறைத் திரைக்குப் பின்னால் நிறுத்தினார். மன்னர் கண்ணை மூடியதும் அவர்கள் ஆட்சியை வாழ்த்தத் தொடங்கினார்கள். மன்னர் புரண்டு புரண்டு படுத்தார்.

“இவர்கள் இல்லை. இவர்கள் மூச்சு விடாமல் பேசுகிறார்கள். என் கனவில் பேசியவர் நடுவில் கொட்டாவி விட்டார்” என்றார்.

முதல் நாள் அதைக் கேட்டபோதே செங்கோடனுக்கு ஆள் தெரிந்துவிட்டது. தெரிந்ததுதான் அவனுடைய துன்பம்.

அங்காடிக்குப் பக்கத்தில் ஒரு கல்சாவடி உண்டு. உச்சிப்பொழுதில் பொதிமாட்டுக்காரர்களும் சுமைதூக்கிகளும் அங்கே வந்து வரிசையாகப் படுத்திருப்பார்கள். மூன்றாம் தூணடியில் குருவம்மாள் வெற்றிலைக் கூடையோடு உட்கார்ந்திருப்பாள். நாற்பது வயது இருக்கும். இலைகளுக்குத் தண்ணீர் தெளித்தபடி நாட்டைப் பற்றிப் பேசுவாள். கேட்பவன் தூங்கிவிட்டாலும் பேசுவாள். அவள் புருசன் சுடலைமுத்து வடக்குப் போருக்குப் பாரவண்டி ஓட்டிப் போய் எட்டு வருடம். போகும்போது அவனிடம், “இந்தத் தூண்கிட்டத்தான் இருப்பேன், நேரா இங்க வந்துரு” என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அதன்பிறகு தூண் மாறவில்லை. சாவடிக்கு வெள்ளையடித்த நாளில்கூட எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லி, பாதி உடம்பு வெள்ளையாக உட்கார்ந்திருந்தாள்.

அவளை அவைக்குக் கூட்டிப் போனால் வாயை மூட மாட்டாள். நாடு கடத்துவார்கள். என்றோ ஒருநாள் சுடலைமுத்து வந்து வெறும் தூணைப் பார்ப்பான். கூட்டிப் போகாவிட்டால் செங்கோடனுக்கு அவை இல்லை. இரண்டு நாள் அவன் சோறு தின்னவில்லை.

மூன்றாம் நாள் காலை, எதற்கோ அண்ணாந்து பார்த்தபோது அரண்மனைக் கொடிமாடம் கண்ணில் பட்டது. வெறுமையாக இருந்தது. பகலில் அங்கே ஒரு வெள்ளைக் கொடி ஏறும். அந்தக் கொடிக்கு ஒரு கதை உண்டு.

இந்த மன்னரின் பாட்டனார் ஒருநாள் தூக்கத்தில் “எல்லாத்தையும் வெட்டு” என்று முனகினார். அருகில் நின்றவர்கள் கடமை தவறாதவர்கள். அவர் கண் விழித்தபோது அரண்மனை மாந்தோப்பு முழுவதும் தரையில் கிடந்தது. அன்றுமுதல் ஒரு வழக்கம் வந்தது. மன்னர் கண் அயர்ந்ததும் தலைமை அமைச்சர் நேரில் பார்ப்பார். பிறகு கொடிமாடத்தில் ஏறி வெள்ளைத் துயில்கொடியை ஏற்றி, “கண்டேன், மன்னர் துயில்கிறார்” என்று மூன்று முறை கூவுவார். அந்தக் கொடி பறக்கும்வரை மன்னர் வாயிலிருந்து வருவது ஆணை ஆகாது. அவர் காதில் விழுவது விழுந்ததாகாது.

செங்கோடன் அன்று வயிறாரச் சாப்பிட்டுவிட்டு அரண்மனைக்குப் போனான்.

“மன்னர்பிரானே, தூக்கத்தில் குடியிருப்பவரை விழிப்புக்குக் கொண்டுவர எனக்கு வழி தெரியவில்லை. தாங்கள்தான் தூக்கத்துக்குப் போக வேண்டும். இந்தக் கட்டிலுக்கு வர அவருக்கு மனமில்லை. ஆகவே வேறு இடத்தில் தூங்கிப் பார்க்கலாம்.”

மன்னருக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. “எப்படி?”

“வணிகர் உடை. காவல் வேண்டாம். என்ன கேட்டாலும் கண் திறக்கக் கூடாது. வழக்கம்போல இங்கே கொடி ஏறட்டும். இல்லாவிட்டால் மன்னரைக் காணோம் என்று ஊர் கலங்கும்.”

மன்னர் அமைச்சரைக் கூப்பிட்டுக் கொடியேற்றச் சொன்னார். அமைச்சர் ஏறினார், ஏற்றினார், கூவினார். கீழே இறங்கி வந்து, ஒரு கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு அவர்களுக்குப் பின்னாலேயே நடந்தார்.

தெருவில் நிழல் காலுக்கடியில் சுருண்டு கிடந்தது. ஊரே மெல்லிய வெள்ளைத் துணிக்குள் இருப்பதுபோல இருந்தது. சாவடிக்குள் புறாக்கள் விட்டுவிட்டுக் குனுகின. வாசல் வேம்பிலிருந்து பூ உதிர்ந்து, படுத்திருந்தவர்களின் நெஞ்சில் விழுந்தது.

“வாங்க செங்கோடண்ணாச்சி. ஆரு இது?”

“தூரத்துச் சொந்தம். தூக்கம் வரலேங்காரு. கூட்டியாந்தேன்.”

“என்ன வேலை பாக்காரு?”

“சொல்லிக்கிடுத மாதிரி ஒண்ணும் இல்ல.”

“அப்ப எங்கிட்டுத் தூக்கம் வரும். படுங்க ஐயா. கல்லு குளுந்து கிடக்கு.”

மன்னர் படுத்துக் கண்ணை மூடினார். கம்பளிக்காரர் அடுத்த தூணுக்குப் பின்னால் சாய்ந்தார். செங்கோடன் அந்தக் கம்பளிக்குக் கீழே தெரிந்த பட்டுச் செருப்பைப் பார்த்தான். குருவம்மாள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

தெருக்கோடியில் முரசு ஒலித்தது. நாடெங்கும் மழை குறைவறப் பெய்தது, வடதிசையில் மீண்டும் வெற்றி என்று அறிவித்துக்கொண்டு போனான் முரசறைவோன்.

குருவம்மாள் ஒரு இலையைத் திருப்பித் துடைத்தாள். “மழை பெஞ்சுதாம். பெஞ்சா முரசுத்தோலு நமத்துப் போவும்லா. இந்தா, எட்டுத் தெருவுக்குக் கணீர்னு கேக்கு. அடிக்கிறவனுக்கே தெரியும். பாவம், அவனுக்கும் வயிறு இருக்கு.”

“வடக்க ஜெயிச்சிருக்கோமே.”

“எட்டு வருசமா ஜெயிச்சுக்கிட்டேதான் இருக்கோம். ஜெயிச்சவன் வீட்டுக்கு வரணும்லா அண்ணாச்சி. தோத்தவன் ஊருல எல்லாரும் வீட்டுலதான் இருக்கானாம்.”

அவள் கொட்டாவி விட்டாள். நீளமான, நிதானமான கொட்டாவி. மன்னரின் மீசை ஒருமுறை துடித்தது.

“வெட்டுக்கிளி வந்துதே, அது தானா வரல, பாத்துக்கிடுங்க” என்று தொடர்ந்தாள். “கடலுக்கு அங்கிட்டு உள்ளவுக பெட்டியில அடைச்சுக் கப்பல்ல அனுப்புதாக.”

“ஆரு சொன்னா?”

“சொல்லவா வேணும்? கண்ணு முன்னால பறக்கு.”

“ராசாவுக்குத் தெரியுமா?”

“அவருக்கு என்ன தெரியும்? நல்ல மனுசன்தான்னு தோணுது. ஆனா அவருகிட்ட ஆரும் ஒண்ணும் சொல்லுததில்ல. வீட்டுல பெரியவருக்குக் காது மந்தமாயிட்டா, அவரு பக்கத்துல நின்னுக்கிட்டே அவரைப் பத்தி மத்தவுககிட்டப் பேசுவோம்லா. அப்படித்தான் இந்த நாடு நடக்கு. அந்த அமைச்சரு இருக்காரே, ராசா தும்முனா ஊருக்கே சளின்னு முரசடிப்பாரு.”

அடுத்த தூணில் கம்பளி குலுங்கியது.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பாதியில் நின்றுபோன பாலத்தைப் பற்றி, பட்டத்து யானை இளைத்ததைப் பற்றி, ராசாவின் மீசை ஒட்டு மீசை என்று ஊரில் சொல்வதைப் பற்றி. புறாச் சத்தமும் அவள் குரலும் ஒன்றாகிக்கொண்டு வந்தன. மன்னரின் கை நெஞ்சிலிருந்து நழுவிக் கல்லில் கிடந்தது. மூச்சு நீண்டது. கடைக்கண்ணில் ஈரம் இருந்தது. அவர் தூங்குகிறாரா, கேட்கிறாரா என்று செங்கோடனுக்கே தெரியவில்லை. மன்னருக்கும் தெரிந்திருக்காது.

மறுநாள் காலை அமைச்சரின் ஆட்கள் குருவம்மாளை அவையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கூடை இடுப்பில் இருந்தது. அரியணையில் இருப்பவரைப் பார்த்தாள், சாவடிக் கல்லில் படுத்திருந்த முகத்தைக் கண்டுகொண்டாள். பிறகு செங்கோடனைப் பார்த்தாள்.

“நீங்களா அண்ணாச்சி?”



சித்திரசேனர் அவள் பேசியதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். முரசு, வடக்கு, மீசை, எல்லாம். தன்னைப் பற்றிச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டார். “மன்னரின் செவியில் விழும்படி ஆட்சியைப் பழித்தாள். இவளுக்கு நாடு கடத்தல். அழைத்துச் சென்று கேட்க வைத்தவருக்கும் அதுவே தகும்.”

குருவம்மாள் கூடையை இறக்கி வைத்தாள். “அய்யா, அனுப்புததுன்னா அனுப்புங்க. அந்தத் தூண்ல எங்கே போனேன்னு எழுதி ஒட்டிருங்க. அவரு வந்தாருன்னா தேடுவாரு” என்றாள். அவையில் பலர் தரையைப் பார்த்தார்கள்.

செங்கோடன் முன்னால் வந்தான்.

“அமைச்சர் பெருமானே, ஒரு ஐயம். அந்த வேளையில் மன்னர் விழித்திருந்தாரா?”

“விழித்திருந்தார். மீசை துடித்ததைக் கண்ணால் கண்டேன்.”

“அப்போது கொடிமாடத்தில் என்ன பறந்தது?”

ஊரே பார்த்த கொடி அது.

“துயில்கொடி பறந்தது. ஏற்றியவர் தாங்கள். ‘கண்டேன், மன்னர் துயில்கிறார்’ என்று மூன்று முறை கூவியவரும் தாங்கள்.”

“மன்னர்தான் ஏற்றச் சொன்னார்.”

“ஏற்றச் சொன்னார். கண்டேன் என்று சொல்லச் சொன்னாரா?” செங்கோடன் குரலை உயர்த்தவில்லை. “மன்னர் துயின்றார் என்றால் இந்த அம்மாள் பேசியது எதுவும் அவர் செவியில் விழவில்லை. வழக்கம் அப்படி. மன்னர் விழித்திருந்தார் என்றால், தலைமை அமைச்சர் மாடத்தில் ஏறி நின்று நாட்டுக்கே மூன்று முறை பொய் சொன்னார். அதற்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியாது. சட்டம் எழுதுகிறவரைத்தான் கேட்க வேண்டும்.”

சித்திரசேனர் மன்னரைப் பார்த்தார். மன்னர் தன் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல இருந்தது.

“மன்னர் துயில்கொண்டிருந்தார்” என்றார் அமைச்சர்.

“மீசை துடித்ததே?”

“ஏதேனும் கனவு கண்டிருப்பார்.”

“என்ன கனவு, ஐயா?”

“குடிகளில் ஒருவர்...” என்று தொடங்கி அமைச்சர் நிறுத்திக்கொண்டார்.

மன்னர் சிரித்தார். முதலில் ஓசையில்லாமல், பிறகு தோள் குலுங்க, பிறகு அரியணைக் கையைப் பிடித்துக்கொண்டு. அவையும் சிரித்தது. “கேட்ட பொருள் வந்து சேர்ந்தது, செங்கோடா. வந்ததற்குச் சாட்சியும் அமைச்சரே சொல்லிவிட்டார்” என்று தம் பட்டுச் சால்வையை எடுத்து அவன் தோளில் போர்த்தினார். குருவம்மாளைப் பார்த்து, “அம்மா, உங்கள் தூணடிக்குப் போங்கள்” என்றார்.

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். போகும்போது செங்கோடன் அருகே நின்றாள். ஒரு வெற்றிலையை மட்டும் அவன் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று பகல் மன்னர் கட்டிலில் படுத்தார். தூக்கம் வரவில்லை. மறுநாள் படுக்கவே இல்லை. கொடிமாடம் வெறுமையாக இருந்தது. தம் உடையிலேயே, காவல் இல்லாமல், செங்கோடனை மட்டும் கூட்டிக்கொண்டு சாவடிக்கு நடந்தார். படுத்திருந்தவர்கள் அரைக்கண் திறந்து பார்த்தார்கள். கனவென்று நினைத்துப் புரண்டு படுத்தார்கள்.

மன்னர் மூன்றாம் தூணடியில் தரையில் உட்கார்ந்தார்.

“அம்மா, வடக்குப் போரைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது? நான் என்ன செய்ய வேண்டும்?”

குருவம்மாள் அண்ணாந்து வெளியே பார்த்தாள். வெயில் பரந்த வானத்தில் கொடி இல்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். தண்ணீர்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“ராசா, இப்ப நீங்க தூங்குதீகளா, முழிச்சிருக்கீகளா? அதை மொதல்ல சொல்லுங்க.”