ராஜா சுட்ட காராமணி வடை

கொன்றையூர் ரொம்பச் சின்ன ராஜ்யம். யாரும் அதன்மேல் படையெடுப்பதில்லை. எடுத்தாலும் கிடைப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. சண்டையில்லாத ராஜாவுக்கும் பொழுது போக வேண்டுமே! ராஜா திருமேனிநாதருக்கு அது பெரும்பாலும் வடையில் போயிற்று.

அரண்மனைச் சமையற்காரி செண்பகவல்லியின் காராமணி வடை அப்படி. ஊறிய பயறைத் தண்ணீர் விடாமல் கரகரவென்று அரைப்பாள். மிளகாய் வற்றல், சோம்பு, இஞ்சி, கறிவேப்பிலை சேர்த்துத் தட்டிப் போடுவாள். வெளியே மொறுமொறு, உள்ளே மெத்து. ஒருநாள் வாய் நிறைய அதை மென்றுகொண்டே ராஜா சொன்னார்:

"இதென்ன பெரிய வித்தை? நான் இதைவிட நன்றாகச் சுடுவேன்!"

யாராவது சிரித்திருந்தால் பேச்சு அதோடு போயிருக்கும். தளவாய் பூவலிங்கம் சிரிக்கவில்லை.

"சுட்டுக் காட்டுங்கள் மகாராஜா. தங்கள் வடை ஜெயித்தால் இந்த அம்மாள் எதற்குத் தண்டமாக? வீட்டுக்கு அனுப்பிவிடலாம். தீர்ப்பை நம் விதூஷகர் ஆவுடையப்பன் சொல்லட்டும்."

ஆவுடையப்பனைக் கண்டால் தளவாய்க்கு ஆகாது. ராஜாவின் வடை மோசம் என்றால் அவன் வேலை போகும். பிரமாதம் என்றால் அந்த அம்மாளின் வேலை போகும். பாவமும் பழியும் அவன் தலையில் விழும். கணக்கு சரிதான்.

ராஜா தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு அடுக்களைக்குள் நுழைந்தார். மந்திரி, தளவாய், புரோகிதர் எல்லாரும் பின்னாலேயே போனார்கள். அரைக்கிற வரைக்கும் குறையில்லை. மிளகாய்தான் வினை. ஒரு பிடி போட்டுவிட்டு, "காரம் போதுமா?" என்று கேட்டார்.

ராஜா கேட்டு எவன் "போதும்" என்பான்?

"மகாராஜா கையால் இன்னும் கொஞ்சம்" என்றார் மந்திரி.

"வீரர்கள் தின்னும் வடையாயிற்றே, இன்னும் கொஞ்சம்" என்றார் தளவாய்.

புரோகிதர்கூட விடவில்லை. மாவு செக்கச்செவேல் என்று ஆயிற்று. எண்ணெயில் விழுந்ததும் சபையே தும்மியது.

"அடடா, என்ன மணம்!" என்றார் தளவாய், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

செண்பகவல்லி சுட்டதும் ராஜா சுட்டதுமாக இரண்டு தட்டுகள் சபைக்கு வந்தன. செண்பகவல்லி தன் தட்டிலிருந்து ஒரு வடையைத் தின்றுவிட்டு ஒதுங்கி நின்றாள். சமைத்தவர் முதலில் தின்று காட்டாமல் யாரும் தொடக்கூடாது. விஷத்துக்குப் பயந்து ராஜாவே போட்ட சட்டம் அது. அவள் கண் ஆவுடையப்பன் மேலேயே இருந்தது. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

ஆவுடையப்பன் அவள் வடையை ரசித்துத் தின்றான். ராஜாவின் தட்டைப் பார்த்தான். கையைக் கட்டிக்கொண்டான்.

"என்னங்காணும் நிற்கிறீர்?" என்று அதட்டினார் தளவாய்.

"சமைத்தவர் இன்னும் சாப்பிடவில்லையே."

"மகாராஜாவுக்கே சட்டமா?"

"மகாராஜாவுக்கு ஏது சட்டம்? வடை சுட்டவருக்குத்தான்."

ராஜா சிரித்துவிட்டார். "அவன் சொல்வது நியாயம்தான்!" முழு வடையையும் வாயில் போட்டுக்கொண்டார்.

சிரிப்பு நின்றது. காது சிவந்தது. மீசை நுனியில் வியர்வை சொட்டியது. ஆனாலும் ராஜா அல்லவா? விழுங்கினார்.

"எப்படி இருக்கிறது மகாராஜா?" என்று கேட்டான் ஆவுடையப்பன்.

"பி... பிரமாதம்."

"அப்புறம் நான் எதற்கு? மகாராஜா ஜெயித்துவிட்டார்!" என்று ஆவுடையப்பன் கையைத் தட்டினான். "செண்பகம் அம்மா, கரண்டியை வைத்துவிட்டுக் கிளம்புங்கள். நாளை முதல் மகாராஜாவே சுடுவார். தினம் சாயங்காலம் அதையே சாப்பிடுவார். சமைத்தவர் என்பதால் முதல் வடையும் அவருக்குத்தான்."

செண்பகவல்லி கண்ணீரோடு வாசலைப் பார்த்து நடந்தாள். ராஜா தன் தட்டைப் பார்த்தார். அவள் போவதைப் பார்த்தார். விக்கல் வந்தது.

"நில்லம்மா! தோற்றவன் நான்தான். நீ எங்கேயும் போகாதே. முதலில் மோர் கொண்டு வா!"

சொம்பு சொம்பாக மோர் உள்ளே போன பிறகுதான் ராஜாவுக்குப் பேச்சு வந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பலே ஆவுடையப்பா! என்னை ஜெயிக்க வைத்தே தோற்கடித்துவிட்டாயே! உனக்குப் பரிசு தராமல் விடலாமா?"

"மகாராஜா சித்தம்" என்று ஆவுடையப்பன் பணிவோடு கையேந்தினான்.

ராஜா தாம் சுட்ட வடைத் தட்டைத் தூக்கி அந்தக் கையில் வைத்தார்.

"அத்தனையும் உனக்கே. காலி செய்துவிட்டு வீட்டுக்குப் போ."