மக்காத படகு

"தாயி, மரம் வெட்டுறதை விட்டுப் பதினாலு வருசமாச்சு. எனக்கு ஏன் இன்னும் வெக்கம் போகலை?"

கேட்டவர் கோட்டைச்சாமி. படகு கட்டுகிறவர். வயது அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவர் கேட்டது சடைச்சியிடம். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. முகத்துவாரத்தை ஒட்டி ஓர் ஓலைக் குடிசையில் இருந்தாள். பத்து வருடம் முன்பு எங்கிருந்தோ நடந்து வந்தவள். அதிகம் பேசமாட்டாள். பேசிவிட்டாலோ கேட்டவருக்கு இரண்டு நாள் தூக்கம் போய்விடும்.

மகள் வயதுக்காரி முன்னால் நரைத்த தலை கைகட்டி நிற்கிறதே என்று ஊரில் ஒரே கேலி. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கோட்டைச்சாமி அதற்கெல்லாம் கூசவில்லை. அவருடைய வெட்கம் வேறு.

ஒரு காலத்தில் அவர் மர வள்ளம் கட்டியவர். கடைசியாக வெட்டியது கண்மாய்க்கரை இலுப்பையை. சாய்த்த பிறகுதான் அதிலிருந்த பொந்தைப் பார்த்தார். உள்ளே மூன்று கிளிக்குஞ்சுகள். கண் திறக்காதவை.

கோடரியைக் கண்மாய்க்குள் எறிந்தார். அதோடு அலுமினியத்துக்கு மாறினார்.

துருப் பிடிக்காது. புழு துளைக்காது. எடை குறைவு, அதனால் எண்ணெயும் மிச்சம். ஒரு மரமும் சாகவேண்டாம். இதை அவர் வாயால் கேட்காதவர்கள் அந்தக் கரையில் கிடையாது. சடைச்சியிடம் மட்டும் நூறு தடவை சொல்லியிருப்பார்.

இன்றும் சொன்னார். சொல்லிவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

சடைச்சி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நீங்க அலுமினியத்துல கட்டுன மொதப் படகு எங்க, ஐயா?"

"காளி கோயிலுக்குப் பக்கத்துல. ஓய்வெடுக்குது."

"அது மக்கினதும் வாங்க. பதில் சொல்றேன்."

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. உழைத்து ஓய்ந்த படகை உடைக்கமாட்டார்கள், விற்கவும் மாட்டார்கள். சோறு போட்டது தாய்க்குச் சமம். கோயில் பக்கத்து மணலில் ஏற்றி, மஞ்சள் பூசி, ஏழு நாள் விளக்கு வைப்பார்கள். பிறகு அதன் பாட்டுக்கு விட்டுவிடுவார்கள்.

மர வள்ளம் என்றால் நாலு மழைக்குள் கரையான் வந்துவிடும். பத்து வருடத்தில் அந்த இடத்தில் கொடி படர்ந்து பூத்திருக்கும். வள்ளம் எங்கே இருந்தது என்று கட்டியவனாலேயே காட்ட முடியாது.

கோட்டைச்சாமியின் முதல் அலுமினியப் படகு எட்டு வருடம் ஓடியது. பாறையில் மோதி அடி கிழிந்தது. அதற்கும் மஞ்சள் பூசினார்கள், அதற்கும் விளக்கு வைத்தார்கள். ஆகிப்போனது ஆறு வருடம்.

அவர் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மஞ்சள் என்றைக்கோ போயிருந்தது. முன்பக்கம் அவர் கையால் எழுதிய அம்மா பெயர் அப்படியே இருந்தது. ராக்கம்மாள். மணலைத் தோண்டி அடித்தகட்டைப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். பளபளவென்று இருந்தது.

அதை ஒட்டி இன்னும் ஆறு அலுமினியப் படகுகள் கிடந்தன. ஆறும் அவர் கட்டியவை. ஒவ்வொன்றும் அங்கே வந்து சேர்ந்தபோது அதற்கு ஈடாக ஒரு புதுப் படகை அவர் கட்டிக் கொடுத்திருந்தார், புதுத் தகட்டில்.

மூன்று நாள் போய் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் ஆடு மேய்க்கிற பஞ்சவர்ணம் அந்தப் பக்கம் வந்தாள்.

"என்னண்ணே, காவலா?"

"எப்ப மக்கும்னு பாக்குறேன்."

"இது மக்குறதுக்குள்ள நம்ம பேரன் பேத்திக மக்கிருவாங்க," என்று சொல்லிவிட்டு அவள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து நேராகக் குடிசைக்குப் போனார்.

"மக்காது, தாயி."

"உருக்கினா?"

அவர் தயங்கினார். தகட்டு வியாபாரி சொன்னது அவருக்குத் தெரியும். உருக்கினால் பழசும் புதுசும் ஒன்றுதான், மண்ணிலிருந்து எடுக்க ஆகிற கரண்டில் இருபதில் ஒரு பங்கு போதும், எத்தனை தடவை வேண்டுமானாலும் உருக்கலாம் என்று. அதை அப்படியே ஒப்பித்தார்.

"அப்ப உருக்க வேண்டியதுதானே?"

"எங்கம்மா பேரு எழுதுன படகு, தாயி. அதுமேல நானே ரம்பம் வைக்கவா? அப்புறம் ஊருக்குள்ள தலை காட்ட முடியுமா?"

சடைச்சி வற்புறுத்தவில்லை. வேறொன்று கேட்டாள்.

"புதுத் தகடு எங்கேயிருந்து வருது?"

"லாரியில வருது."

"அதுக்கு முந்தி?"

"ஆலையிலேர்ந்து."

"அதுக்கும் முந்தி?"

"ஏதோ மலையில செம்மண்ணைத் தோண்டி எடுக்குறாங்களாம். வெறும் மலைதான், தாயி. அங்க மனுச மக்க யாரும் கிடையாது."

அன்றும் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவள் கை நின்றது.

"போயிட்டு வாங்க, ஐயா."

இரண்டு இரவு அவருக்குத் தூக்கமில்லை. மூன்றாம் நாள் ரம்பத்தை எடுத்துக்கொண்டு கோயில் வரைக்கும் போனார். அங்கே நாலு பேர் நின்றிருந்தார்கள். ரம்பத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு, சும்மா வந்தவர் மாதிரி திரும்பிவிட்டார். திரும்பி வந்ததை நினைத்து ஒரு வெட்கம், பழையதோடு சேர்ந்துகொண்டது.

அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தார். குருவாக நினைக்கிற சடைச்சிக்கு ஒரு படகு கட்டிக் காணிக்கை கொடுத்துவிட்டால் மனசு அடங்கிவிடும்.

லாரி வந்தது. நாற்பது நாள் உழைத்தார். அந்த மாதிரிப் படகை அவர் அதற்கு முன்பு கட்டியதில்லை. ஓர் ஆள் தனியாகத் தூக்கிக் கரையேற்றலாம், அவ்வளவு லேசு. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. கையால் தடவினால் ஒட்டு எங்கே இருக்கிறதென்று தெரியாது.

காலையில் அவரே துடுப்புப் போட்டு முகத்துவாரத்துக்குக் கொண்டுவந்தார். குடிசை முன்னால் மணலில் ஏற்றி வைத்தார்.

சடைச்சி வெளியே வந்து பார்த்தாள். பழைய படகு என்ன ஆயிற்று என்று கேட்டுவிடுவாளோ என்று அவருக்குப் பயம். அதனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர் போல, புதுப் படகைப் பற்றியே பேசினார். எடையைச் சொன்னார். ஒட்டைச் சொன்னார். ஒரு மரத்தைக்கூடத் தொடவில்லை என்பதையும் நூற்றிரண்டாவது தடவையாகச் சொன்னார்.

அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ஒங்களுக்குன்னே கட்டுனது, தாயி. ஒங்க பொறந்த ஊருக்கு இதுலயே கூட்டிட்டுப் போறேன். எந்த ஊருன்னு மட்டும் சொல்லுங்க."

கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. பத்து வருடமாக அவள் சோற்றைத் தின்றிருக்கிறார், அவள் சொல்லைக் கேட்டிருக்கிறார். ஊர் எது என்று இன்றைக்குத்தான் கேட்கிறார்.

சடைச்சி ஒரு பெயரைச் சொன்னாள். அவர் கேள்விப்பட்டதே இல்லை.

"எந்தக் கரையில இருக்கு?"

"கரையில இல்ல, ஐயா. மலை மேல. நாப்பது வீடு இருந்துச்சு."

"இப்ப?"

"மலையத் தோண்டிட்டாங்க. அலுமினியத்துக்கு."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அங்கே மனித மக்கள் யாரும் கிடையாது என்று அவளிடமே சொன்னது நினைவுக்கு வந்தது. பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்று இருந்தது. அத்தனை தடவை பெருமை பேசினாரே, ஒரு தடவையாவது அவள் முகத்தைப் பார்த்தாரா? பார்த்ததாக நினைவில்லை.

சடைச்சி படகில் ஏறினாள். நடுவில் தரையோடு உட்கார்ந்தாள். உள்ளங்கையைத் தகட்டில் பதித்து வைத்துக்கொண்டாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

ஆள் ஏறியதும் படகைத் தண்ணீரில் இறக்கிப் பழகியவை கோட்டைச்சாமியின் கைகள். அவை தாமாகவே பின்பக்கம் போய்ப் படகைப் பற்றின.

"தள்ள வேணாம், ஐயா," என்றாள் சடைச்சி. "ஊரு வந்துருச்சு."