தோல் மட்டும் போகவில்லை

"அம்மை, சதையெல்லாம் போயிட்டு. தோல் மட்டும் ஏன் போகல?"

கேட்டவள் ஆவுடையம்மாள். அம்பாசமுத்திரத்தில் பலகாரக் கடை வைத்திருந்தவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் தாமிரபரணிக் கரையிலிருக்கும் இந்த மடத்துக்கு உடம்பு இளைக்க வந்தபோது நூற்றுப் பதினெட்டுக் கிலோ இருந்தாள். வாசலில் ஏழே படி. ஏறி முடிப்பதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள்.

இப்போது அறுபத்திரண்டு கிலோ. விடிந்ததும் பின்னாலுள்ள குன்றில் ஏறி இறங்கிவிட்டுத்தான் கஞ்சி குடிப்பாள்.

ஆனால் கையிலும் வயிற்றிலும் தொடையிலும் தோல் மடிந்து மடிந்து தொங்கியது. முழங்கைக்குக் கீழே இறங்கும் ரவிக்கை போட்டு மறைத்தாள். மற்ற பெண்கள் ஆற்றில் கும்மாளம் போட்டுக் குளிக்கும்போது இவள் கதவைச் சாத்திக்கொண்டு வாளித் தண்ணீரில் குளித்தாள். வந்த நாளிலிருந்தே அப்படித்தான். அன்றைக்கு உடம்புக்காக வெட்கம். இன்றைக்குத் தோலுக்காக.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு வயது முப்பத்தாறு. ஆவுடையம்மாளைவிடப் பதினோரு வயது சின்னவள். ஒல்லியான உடம்பு. மடத்தை நடத்துகிறவள் என்பதால் எல்லாருக்கும் அவள் அம்மை. ஆனால் ஆவுடையம்மாளை அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"தொட்டுப் பாக்கட்டுமா அக்கா?"

ஆவுடையம்மாள் தயங்கித் தயங்கி ரவிக்கைக் கையைச் சுருட்டினாள். அம்மை இரண்டு விரலால் தோலைப் பிடித்துப் பார்த்தாள்.

"மெத்துன்னு இருக்கு."

"இதுதான் பதிலா?"

"பதில் எனக்குத் தெரியல. தொட்டதைச் சொன்னேன்."

ஆவுடையம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நெய்யை விட்டேன். சீனியை விட்டேன். கடையையே விட்டேன். சேலை மாத்தும்போது கண்ணாடி மேல துண்டைப் போட்டு மூடிருதேன் அம்மை. இதுக்கா இவ்வளவு பாடு?"

அம்மை அடுத்த கீரைக் கட்டைப் பிரித்தாள்.

வெள்ளிக்கிழமை மடத்து வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

உள்ளே பின்னிருக்கை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒருத்தி இருந்தாள். முன்பக்கத்திலிருந்து இறங்கினவன் அவள் புருஷன்.

"பேச்சித்தாய்னு பேரு. முப்பது வயசுதான். படுத்தா மூச்சு முட்டுது. இளைச்சாத்தான் பிழைப்பான்னு டாக்டர் சொல்லிட்டாரு. இங்க வரைக்கும் வந்துட்டு இப்ப இறங்க மாட்டேங்கா."

அம்மை வேன் கதவருகே போனாள்.

"இறங்கு தாயி. ஒரு வாய் கஞ்சி குடி."

பேச்சித்தாய் அவளை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"குச்சி மாதிரி இருக்கீங்க. கல்யாண வீட்ல நாற்காலி உடைஞ்சு பந்திக்கு நடுவுல விழுந்திருக்கீங்களா? உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது தாயி" என்றாள் அம்மை. சொல்லிவிட்டு, வேன் சக்கரத்துக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

புருஷன் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றான். திரும்பிப் போகலாம் என்று டிரைவர் எஞ்சினை முடுக்கினான்.

கஞ்சிப் பானையோடு வாசலில் நின்ற ஆவுடையம்மாள் அம்மையைப் பார்த்தாள். அம்மை எழுந்திருப்பதாகத் தெரியவில்லை.

பானையைக் கீழே வைத்தாள். படியிறங்கி வந்தாள்.

"நான் விழுந்திருக்கேன். தென்காசியில ஒண்ணு, பாபநாசத்துல ஒண்ணு. ரெண்டு நாற்காலி."

பேச்சித்தாய் அவளையும் பார்த்தாள்.

"நீங்களா? என்னை இறக்குறதுக்காகப் பொய் சொல்லுதீங்க."

ஆவுடையம்மாளின் கை ரவிக்கை விளிம்புக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ரவிக்கைக் கை இரண்டையும் தோள்வரை சுருட்டிவிட்டு, கைகளை வேன் ஜன்னலுக்கு முன்னால் நீட்டினாள்.

பேச்சித்தாய் ஒரு விரலை நீட்டித் தோலைத் தூக்கினாள். விட்டாள். அது ஆடி நின்றது.

"இதுக்குள்ள பூராவும் நீங்க இருந்தீங்களா அக்கா?"

"பிதுங்கிக்கிட்டு இருந்தேன்."

"வயித்துலயும் இப்படி இருக்கா?"

"ஆத்துக்கு வா. காட்டுதேன்."

பேச்சித்தாய் இறங்கினாள். வேன் ஒரு பக்கமாக நிமிர்ந்தது. யாரும் சிரிக்கவில்லை.

பெண்கள் படித்துறையில் வெயில் நன்றாக விழுந்திருந்தது. ஏழெட்டுப் பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சித்தாய் கடைசிப் படியில் உட்கார, அம்மையும் வந்து தண்ணீரில் இறங்கினாள். ஆவுடையம்மாள் பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு, எல்லாரும் பார்க்க, கழுத்தளவுத் தண்ணீரில் போய் நின்றாள்.

தோல் மிதந்தது.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. வயிற்று மடிப்பு மெல்ல விரிந்து, கனமே இல்லாமல் தண்ணீரோடு போய்ப் போய் வந்தது. கைத் தோலில் சின்ன மீன்கள் வந்து கொத்தின. கூச்சம் தாங்காமல் சிரித்தாள். நிறுத்த முடியவில்லை. கரைப்பக்கம் வந்து இரண்டு கையையும் தூக்கி உதறினாள். அத்தனை மடிப்பும் படபடவென்று ஆட, பக்கத்தில் நின்றவர்கள் மேலெல்லாம் தண்ணீர் தெறித்தது.

"இன்னொரு தரம் ஆட்டுங்க அக்கா" என்றாள் பேச்சித்தாய்.

ஆட்டினாள். பேச்சித்தாய் படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கச் சிரித்தாள். துறையே சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் பேச்சித்தாயின் முகம் மாறியது.

"அக்கா, நான் இளைச்சாலும் இப்படித் தொங்குமா?"

தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்த அம்மையின் கை நின்றது.

"தொங்கும்" என்றாள் ஆவுடையம்மாள். "அன்னைக்கு இங்கயே வா. ரெண்டு பேரும் சேர்ந்து ஆட்டுவோம்."