சூடம் அணைத்து வாங்கிய ஓட்டு

“அம்மா, சாமி முன்னால பண்ணின சத்தியத்த உடைக்க ஒரு வழி சொல்லுங்க.”

நாச்சிமுத்து இதைக் கேட்டபோது நல்ல வெயில். சாவடியம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

சந்தைக்கு வரும் வண்டிகளிடம் ஒரு காலத்தில் வரி வாங்கிய சாவடி அது. இப்போது பாதிக் கூரைதான் மிச்சம். அங்கே குடியிருப்பதால் அவர் சாவடியம்மா. நெற்றியில் எதுவும் கிடையாது. நீங்கள் எந்தச் சாமி என்று கேட்டவர்களுக்கு இதுவரை பதிலும் கிடையாது.

நாச்சிமுத்துவை விட வயதில் இளையவர். ஆனாலும் அவர் உட்காரச் சொல்லும்வரை அவன் நின்றான். மாட்டுத் தரகனாக இருந்து பேரூராட்சித் தலைவரானவன் அவன். சேர்மனை ‘நீ’ என்று பேச ஊரில் அவர் ஒருத்தரால்தான் முடியும்.

“யாரு பண்ணின சத்தியம்?”

“நான்தானுங்க.”

“வாய் உன்னுது. உடைச்சுக்கோ.”

“சூடம் அணைச்சுப் பண்ணினதுங்க.”

“உக்காரு.”

உட்கார்ந்தான். சொன்னான்.

தேர்தலில் எதிர்த்து நின்றவனும் மேல வீதிக்காரன். அதே கோயிலில் கும்பிடுகிறவன். ஓட்டு இரண்டாகப் பிளந்துவிடும் என்று பட்டது. நாச்சிமுத்து மேல வீதி ஆட்களைக் கோயில் வாசலில் கூட்டினான். தட்டில் சூடம் கொளுத்தினான். ஒவ்வொருவராக வந்து உள்ளங்கையால் அணைத்தார்கள். ஓட்டு நாச்சிமுத்துவுக்கே. கடைசியில் அவனும் அணைத்தான். ஊருக்கு எது வந்தாலும் மேல வீதிக்கே முதலில் என்பது அவன் சத்தியம்.

ஜெயித்தான்.

இப்போது ஊருக்கு வந்திருப்பது ஒரே ஒரு போர்வெல். மறுநாள் காலையில் வண்டி வந்துவிடும்.

“மேல வீதியில கெணறு இருக்குது, தொட்டி இருக்குது. கீழ வீதியில ஒரு சொட்டு இல்லீங்க. லாரி வந்தாத்தான் அடுப்பே பத்த வைக்கறாங்க.”

“அப்பக் கீழ வீதியில போடு.”

“போட விட்டாத்தானுங்க. அங்க பூராம் பாய்மாருங்க வீடு. நம்ம சாமிகிட்டச் சத்தியம் பண்ணிப்போட்டு அவங்களுக்குத் தண்ணியான்னு சட்டையப் புடிப்பாங்க.”

“புடிக்கட்டுமே.”

“அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். சாமி கனவுல வந்துச்சு, கீழ வீதியில போடச் சொல்லுச்சுன்னு. உங்க வார்த்தையத் தட்ட இந்த ஊர்ல ஆளில்ல.”

சாவடியம்மா ஒரு கொட்டையைப் பிதுக்கி எடுத்தார்.

“வரலையே.”

“எதுங்க?”

“கனவு.”

“வந்துச்சுன்னு சொல்றதுல என்னங்க நட்டம்? நல்ல காரியத்துக்குத்தானே.”

“சூடம் கொளுத்தினப்ப நீயும் அப்படித்தான் நெனச்சிருப்ப.”

சுருக்கென்றது. ஆனால் தரகன் முதல் பேச்சிலேயே எழுந்து போகிறவன் இல்லை. பேரத்தில் ஒரு படி இறங்கிப் பார்த்தான்.

“செரி, கனவு வேண்டாம். நாளைக்குக் காலையில கீழ வீதியில வந்து சும்மா நில்லுங்க. வாயே தொறக்க வேண்டாம். மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

“நான் நின்னா, சாமி வந்து நிக்குதும்ப. பொய்யச் சொல்லாமச் சொல்ற வேலை. கனவே தேவலை.”

நாச்சிமுத்துவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

“நாக்கு வறண்டு கெடக்கறாங்க அம்மா. ஒரு பொய். ஒரே ஒரு பொய். அதுல உங்க வாய் தேஞ்சா போயிரும்?”

“தேயாது. அடுத்து வர்ற சேர்மனும் இதே சாவடிக்குத்தான் வருவான். அவனுக்கும் ஒரு கனவு வேணும்பான்.”

“அதுக்குள்ள இவங்க குடிச்சிருப்பாங்கல்ல?”

சாவடியம்மாவின் கை நின்றது.

கையிலிருந்த புளியைக் கீழே வைத்தார்.

“நாளைக்கு ஊர் முன்னால நின்னு நீயே சொல்லு. சூடத்த வெச்சு ஓட்டு வாங்கினது தப்பு, தண்ணி இல்லாத வீதிக்குத்தான் தண்ணின்னு.”

“பதவி போயிருங்க.”

“போகும்.”

“ஒரு பேச்சுக்கு, இந்தத் தடவை மேல வீதி, அடுத்த தடவை கீழ வீதின்னு வெச்சுக்கிட்டா?”

“யாருகிட்டப் பேரம் பேசற? போர்வெல் வண்டி என்கிட்டயா நிக்குது?”

எழுந்து போனான். அவர் சொல்லச் சொன்னதைப் போகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். நன்றாகத்தான் வந்தது.

மறுநாள் காலை, இரண்டு வீதியும் பிரிகிற முக்கில் வண்டி நின்றது. இரண்டு வீதி ஜனமும் நின்றது.

“எந்தப் பக்கம் ஒடிக்கறதுங்க?” என்று டிரைவர் கேட்டான்.

நாச்சிமுத்து வண்டிப் படியில் ஏறினான். கூட்டத்தின் ஓரத்தில் மீரான் தெரிந்தான். கீழ வீதிக்காரன். சந்தையில் இவனோடு சேர்ந்து தரகு பார்க்கிற கூட்டாளி. மாமா மாப்பிள்ளை என்றுதான் ஒருவரை ஒருவர் கூப்பிடுவார்கள்.

சொல்ல வாயைத் திறந்தான்.

மேல வீதிப் பெரியவர் ஒருவர் முன்னால் வந்து வண்டிப் படியில் ஒரு தட்டை வைத்தார். அதில் சூடம் எரிந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் நாச்சிமுத்து எதிர்த்துப் பேசியிருப்பான். பேச்சில் அவனை ஜெயித்தவர் கிடையாது.

எரிகிற சூடத்தோடு என்ன பேசுவது?

கை நீண்டது. மேல வீதிப் பக்கம்.

மதியத்துக்குள் தண்ணீர் பீறிட்டது. மாலை போட்டார்கள். சாமி கண் திறந்துவிட்டது என்றார்கள். அன்று சாயங்காலமே குழாய் வைத்தார்கள், அதன் மேல் சாமி படமும் ஏறியது. கீழ வீதிப் பெண் ஒருத்தி குடத்தோடு வந்தாள்.

“உங்க சாமிகிட்டக் கேளும்மா, தரும்,” என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

சேர்மன் அங்கேதான் இருந்தான். மாலை கழுத்தில் இருந்தது.

அவள் திரும்பிப் போனாள்.

கூட்டம் கலையட்டும் என்று மீரான் காத்திருந்தான்.

“மாப்ள, தப்பா எடுத்துக்காத,” என்றான் நாச்சிமுத்து. “சத்தியம் பண்ணிப்போட்டேன்.”

“தெரியுங்க மாமா.”

“நாலு வார்த்தை திட்டிப்போடு.”

“திட்ட வரல. ஒண்ணு கேக்கணும். கீழ வீதி ஓட்டு யாருக்கு விழுந்துச்சு?”

“எனக்குத்தான். அந்தப் பெட்டியிலதான நானே ஜெயிச்சேன்.”

“எங்ககிட்ட ஏன் சத்தியம் கேக்கல?”

நாச்சிமுத்து யோசிக்கக்கூட இல்லை. “உங்களுக்கு எதுக்கு மாப்ள? உங்களுக்குத்தான் என்னையத் தெரியுமே.”

மீரான் தலையாட்டினான்.

“நாங்களும் அப்படித்தான் நெனச்சோம்,” என்றான்.

அடுத்த சந்தையில் மீரான் வேறு தரகனோடு உட்கார்ந்திருந்தான். நாச்சிமுத்துவைப் பார்த்ததும் எழுந்து, வாங்க மாமா என்றான். டீ சொன்னான். அவ்வளவுதான்.

நாச்சிமுத்து சாவடிக்குப் போனான். சாவடியம்மா அங்கே இல்லை.

கீழ வீதியில், லாரிக்குக் காத்திருந்த வரிசையில் குடத்தோடு நின்றிருந்தார். முன்னால் போகச் சொன்னார்கள். போகவில்லை.

“உங்க மேல எனக்குக் கோவமுங்க,” என்றான்.

“இருக்கும்.”

“அன்னைக்கு நீங்க ஒரு பொய் சொல்லியிருந்தா இன்னைக்கு இந்த வரிசை இல்ல.”

“இல்லதான்.” அவர் குரல் இறங்கியிருந்தது. “அதையே நெனச்சுக்கிட்டுத்தான் நிக்கறேன்.”

அவன் கோபம் அந்த இடத்திலேயே அடங்கிவிட்டது.

“எதிராளி அடுத்த தேர்தலுக்கு இப்பவே கோயில் கோயிலாப் போறானுங்க. நான் ஒரு தட்டு வெச்சனாம், அவன் வீட்டுக்கொரு தட்டு வெக்கறானாம்.”

“வெப்பான்.”

“அது போகுதுங்க. மீரான் சண்டை போட்டான்னாக்கூடச் சமாதானம் பண்ணிப்போடலாம். டீ வாங்கித் தர்றான். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?”

மீரான் கேட்டதையும் தான் சொன்னதையும் சொன்னான்.

லாரி வந்தது. வரிசை நகர்ந்தது. சாவடியம்மாவும் ஓரடி நகர்ந்தார்.

“எனக்கு மாட்டு வியாபாரம் தெரியாது,” என்றார். “சந்தையில ஒருத்தன் சூடத்த அணைச்சு மாட்ட விக்க வந்தான்னா நீ என்ன பண்ணுவ?”

“கிட்டவே போக மாட்டேனுங்க.”

“சாமி மேலயே ஆணையாச் சொல்றான். அப்பவுமா?”

“அட, என்னங்கம்மா. நல்ல மாட்டுக்குச் சத்தியம் எதுக்குங்க? பல்லப் புடிச்சுப் பாரு, நடக்க உட்டுப் பாரும்பான். சூடம் கொளுத்தறான்னாலே மாடு நொண்டிதான். எங்க தொழில்ல மொதப் பாடமே அது...”

நிறுத்திக்கொண்டான்.

பின்னால் யாரோ நகரச் சொன்னார்கள். அவன் நகரவில்லை.

சாவடியம்மா குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டார்.

“மீரான் சூடம் கேக்காம வாங்கறப்ப,” என்றார், “மாடு நல்லாத்தான் நடந்திருக்கும்போல.”