நீலக்கல்லின் காதில் விழுந்த விலை

அந்தக் காலத்தில் கல்லுக்கும் வாய் இருந்தது. காது அதைவிடக் கூர்மை.

எந்தக் காலம், எந்த ஆறு என்று கேட்டுக்கொண்டிருந்தால் கதை நகராது. மலையிலிருந்து ஓர் ஆறு இறங்கியது. அது சமவெளியைத் தொடும் துறையில் ஒரு நண்டு கல் கடை வைத்திருந்தது. ஆற்றடியில் தோண்டும். கொடுக்கால் பொறுக்கும். கழுவித் தேக்கிலைமேல் பரப்பும். சிவப்புக் கற்கள் ஓர் இலையில். மஞ்சள் ஓர் இலையில். கடைசியில், தள்ளி, தனி இலையில் நீலம். ஒன்றே ஒன்று.

பெண் கேட்டுப் போகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். நிச்சயத்தன்று மாப்பிள்ளை கல் வைத்த மோதிரம் கொண்டுபோக வேண்டும். பெண் அதைக் காதோடு வைத்து, "இவன் எப்படி?" என்று கேட்பாள். கல் சொல்லும். அதற்குப் பிறகுதான் விரலில் போடுவாள். வழக்கம் அப்படி.

சிவப்பு எவனையும் புகழும். அதனால் விலை இருபது குடம் தேன். மஞ்சள் கேட்டதற்கு மேலேயே பேசும், ஆனாலும் பெரும்பாலும் நல்லதாகப் பேசும். பன்னிரண்டு குடம். நீலம் பார்த்ததை மட்டும் சொல்லும். எந்த மாப்பிள்ளையும் அதன் பக்கம் போகவில்லை. ஏழு குடத்துக்குக் கிடந்தது.

மலைமேல் வெள்ளிங்கன் என்று ஒருவன். தேன் எடுப்பவன். பாறையோரம் குடிசை. அப்பனும் ஆத்தாளும் போய்ச் சேர்ந்து பல வருஷம். கூடப் பிறந்தவர்கள் இல்லை. கூட்டுக்குப் புகை போட்டுப் போட்டுச் சதா தும்மல். தும்மினால் "நூறு" என்று சொல்ல ஆள் கிடையாது. தனியாக இருந்து பழகிவிட்டான் என்று கீழே இருப்பவர்கள் சொன்னார்கள். பழகவில்லை. யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அக்கரையில் மாதி என்று ஒரு பெண். தேனுக்குத் தினை மாற்றப் போனபோது இரண்டு தடவை அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். போய்க் கேட்டான். அவள் அப்பன் மறுக்கவில்லை.

"வேங்கைப் பூ உதிர்ந்து முடியறதுக்குள்ள மோதிரத்தோட வா. முடிஞ்சுட்டா வராத. இன்னொருத்தனும் கேட்டுக்கிட்டிருக்கான்."

மோதிரம் இருந்தது. ஆத்தாளுடையது. பித்தளை. கல் எப்போதோ விழுந்துபோய்க் குழி மட்டும் மிச்சம். அந்தக் குழிக்கு ஒரு கல் வேண்டும். அவ்வளவுதான்.

கடைக்குப் போனான். சிவப்பைப் பார்த்தான். விலை கேட்டான். வாயை மூடிக்கொண்டான். மஞ்சளைப் பார்த்தான். கேட்கவே இல்லை. போய்விடலாம் என்று திரும்பும்போது தும்மல் வந்தது.

"நூறு," என்றது ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தான். கடைசி இலை.

"என்னையா சொன்ன?"

"இங்க வேற யார் தும்மினது?"

வெள்ளிங்கன் அந்த இலைப் பக்கத்தில் உட்கார்ந்தான். பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் வந்தான். தேன் எடுத்து மலை இறங்கியதும் நேரே துறைக்கு.

"வீட்டுல எத்தனை பேர்?" என்று கேட்டது கல்.

"நான்தான்."

"பேச்சுத் துணைக்கு?"

"தேனீ."

"பதில் சொல்லுமா?"

"கொட்டும்."

கல் சிரித்தது. கூழாங்கற்கள் ஒன்றோடொன்று உரசுவதுபோல இருந்தது அந்தச் சிரிப்பு. வெள்ளிங்கனுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துப் பழக்கம் விட்டுப்போனதால் தாடை வலித்தது.

நண்டு எட்டிப் பார்க்கும். "என்ன மாப்ளே, பாத்துக்கிட்டே இருந்தா கல்லு குட்டி போடுமா? ஏழு குடத்தை வை. தூக்கிட்டுப் போ."

ஏழுக்கு வழி இல்லை. வெள்ளிங்கன் ஒரு கூட்டில் பாதிதான் அறுப்பான். மீதி தேனீக்கு. அந்தப் பருவம் முடிந்தபோது அவனிடம் சேர்ந்தது நாலு குடம்.

"முழுசா அறுத்திருந்தா எட்டு ஆயிருக்கும்," என்றது கல்.

"அதுங்க என்ன திங்கும்?"

"மாதி கேட்டா இதைத்தான் சொல்லப்போறேன்."

"எதை?"

"பாதியை விட்டுட்டு வர்றவன்னு."

அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். கண்ணில் புகை என்றான். அங்கே புகை இல்லை.

ஒரு நாள் கல் குரலைத் தாழ்த்தியது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்குள்ள ஒரு விரிசல் இருக்கு. மயிரிழைதான். அடிப்பக்கம். நண்டுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஆத்துல வீசிடும்."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட சொல்ற?"

"வாங்கப்போறவன் நீ. தெரிஞ்சு வாங்கு."

"விரிசல் இருந்தா இருந்துட்டுப் போவுது. நீதான் வேணும்."

வேங்கை உதிர ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் குடிசை வாசலில் மஞ்சளாய்ப் பூ கிடந்தது. வெள்ளிங்கனுக்குச் சோறு இறங்கவில்லை.

"நண்டுகிட்ட நேரா சொல்லு," என்றது கல். "நாலு குடம்தான் இருக்கு, இந்தக் கல்லுதான் வேணும்னு சொல்லு. அதுக்குக் கொடுக்குதான் பொல்லாதது. மனசு அப்படி இல்ல."

வெள்ளிங்கனுக்கு வெட்கம். என்னிடம் இவ்வளவுதான் என்று சொல்ல நாக்கு புரளவில்லை.

திரும்பும் வழியில் உடும்பு பிடித்துக்கொண்டது. உடும்பு சந்தைக்குச் சந்தை போகிற ஆள். சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை. கல் சொன்ன யோசனையை வெள்ளிங்கன் அதனிடம் சொன்னான்.

"நேரா சொல்றதா? கெட்டுது போ. பிடிச்சதைப் பிடிச்சிருக்குன்னு காட்டினா நண்டு எட்டு கேக்கும். குறை சொல்லுடா. சொல்லச் சொல்ல விலை எறங்கும். என் தோலைப் பாத்தியா? பாதி விலைக்கு வாங்கினேன்."

"பாத்தாலே தெரியுது," என்றான் வெள்ளிங்கன்.

கிண்டல் பண்ணினானே தவிர, சொன்னது மண்டையில் ஏறிவிட்டது.

மறுநாள் நாலு குடத்தையும் புதருக்குப் பின்னால் வைத்துவிட்டு வெறுங்கையோடு கடைக்குப் போனான். அதுவும் உடும்பு கொடுத்த யோசனை. இலைப் பக்கத்தில் உட்காரவில்லை. நின்றான். "வா," என்றது கல். அவன் காதில் விழாதவன்போல இருந்தான்.

"இந்தக் கல்லு என்ன விலை?"

நண்டு கண்ணை நீட்டிப் பார்த்தது. "ஒரு மாசமா இங்கதான் குந்தியிருக்க. உனக்குத் தெரியாதா? ஏழு."

"ஏழா? இருட்டடிச்சுக் கெடக்கு."

"நீலம் அப்படித்தான் இருக்கும்."

"உள்ள மேகம் ஓடுது."

"சரி, ஆறு குடம் வை."

"யாரும் சீந்தாத கல்லு. வருஷக்கணக்கா ஒத்தையில கெடக்கு. ஒரு ஆளு வந்து கேட்டிருப்பானா? நான் எடுக்கலைன்னா இங்கேயே பாசி புடிச்சுக் கெடக்கும்."

நண்டு யோசித்தது. "அஞ்சு. அதுக்குக் கீழ பேசாத."

அவனிடம் அஞ்சு இல்லை. அப்போதாவது நாலுதான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு சூடேறிவிட்டது.

"அடியில விரிசல் இருக்கு," என்றான்.

சிவப்பும் மஞ்சளும் எந்நேரமும் சளசளவென்று பேசிக்கொண்டிருக்கும். அந்தப் பேச்சு சட்டென்று நின்றது. ஆறு மட்டும் ஓடியது.

நண்டு கல்லைத் தூக்கி வெயிலில் பிடித்தது. இப்படியும் அப்படியும் திருப்பியது. "அட, ஆமா. எனக்கே தெரியாதே. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

வெள்ளிங்கன் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டான்.

"சரி விடு. நாலு."

நாலு அவனிடம் இருந்தது. புதருக்குப் பின்னால் இருந்தது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

"மூணு," என்றான்.

"எடுத்துத் தொலை."

மூன்று குடத்தைக் கொண்டுவந்து வைத்தான். கல்லை இலையில் சுருட்டி மடியில் செருகிக்கொண்டான். பேசியது முழுக்க நண்டின் முகத்தைப் பார்த்துத்தான். கல்லைப் பார்க்கவில்லை.

குடிசைக்கு வந்து இலையைப் பிரித்தான். கல் கஞ்சித்தண்ணீர் நிறத்தில் இருந்தது. பதறிப்போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நீலம் ஒரு மூலையில் இருந்தது. எள்ளளவு. அடிபட்ட ஆள் சுவரோரம் ஒண்டுவதுபோல ஒண்டியிருந்தது.

"ஏய்," என்றான். "விலைக்காகப் பேசினதுதானே. மனசுல இருந்தா பேசினேன்?"

பதில் இல்லை.

"ஒரு குடம் மிச்சம் பண்ணிட்டேன், தெரியுமா?"

பதில் இல்லை.

தும்மல் வந்தது. தும்மிவிட்டுக் காத்திருந்தான். ரொம்ப நேரம் காத்திருந்தான்.

பிறகு தேன்மெழுகை உருக்கி மோதிரக் குழியில் விட்டுக் கல்லைப் பதித்தான். அந்த எள்ளளவு நீலம் அடியில் போகும்படி வைத்தபோது, மேலிருந்து பார்க்கக் கல் முழுக்க நீலமாகத் தெரிந்தது. பார்வைக்கு இது போதும். பேச்சு நாளைக்குள் திரும்பிவிடும் என்று நினைத்துக்கொண்டான்.

காலையில் அக்கரைக்குப் போனான். மிச்சக் குடத்தையும் தோளில் வைத்துக்கொண்டு போனான். மாதி வீட்டு முற்றத்தில் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். மோதிரம் கைமாறிக் கைமாறிப் போயிற்று.

"நீலமா கொண்டாந்திருக்கான்?" என்றாள் மாதியின் அம்மா. "பயமில்லாத ஆள்தான்."

மாதி வாங்கிக் காதோடு வைத்தாள். "இவன் எப்படி?"

கல் பேசவில்லை.

இன்னொரு தரம் கேட்டாள். மூன்றாம் தரம் அவள் உதடு மட்டும் அசைந்தது.

"ஊமைக் கல்லையா வாங்கிட்டு வந்த?" என்றான் அவள் அப்பன்.

"நேத்துவரைக்கும் பேசுச்சு."

மாதி அவன் காலடியில் இருந்த குடத்தைப் பார்த்தாள். "அது என்ன?"

"தேன். உங்க வீட்டுக்குத்தான். மிச்சம் புடிச்சது."

"எதுல மிச்சம்?"

"கல்லுல. நண்டு ஏழு சொல்லுச்சு. மூணுக்கு முடிச்சேன்."

அப்பன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "கெட்டிக்காரன். குடும்பம் நடத்திடுவான்."

மாதி சிரிக்கவில்லை. "ஏழு மூணு ஆகற அளவுக்கு என்ன சொன்ன?"

வெள்ளிங்கனுக்குப் பொய் வராது. இருட்டு என்றதைச் சொன்னான். மேகம் என்றதைச் சொன்னான். யாரும் சீந்தாதது என்றதைச் சொன்னான். சொல்லும்போதே குரல் தேய்ந்தது. கடைசியில் விரிசலைச் சொன்னான்.

"உள்ள இருக்கிற விரிசல் உனக்கு எப்படித் தெரியும்?"

"அதுவே சொல்லுச்சு."

அப்பன் தொடையிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

மாதி மோதிரத்தை மறுபடி காதோடு வைத்தாள். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. சும்மா வைத்திருந்தாள். பிறகு அதை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"உன்னைப் பத்தி ஒரு வார்த்தை கெட்டதா சொல்லல, பாத்தியா," என்றாள்.

உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிங்கன் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தான். நேரே நண்டிடம் போனான்.

"இந்தா, நாலாவது குடம். வாங்கிக்க. நாலுன்னு சத்தமா சொல்லு."

நண்டு சொன்னது. கல் பேசவில்லை.

அடுத்த பருவம் இன்னும் மூன்று குடம் கொண்டுவந்து இறக்கினான். "இப்ப ஏழு. அதுக்குக் கேக்கற மாதிரி சொல்லு." நண்டு துறை அதிரக் கத்தியது. கல் பேசவில்லை.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. அன்றைய பேரத்தை மற்றக் கற்களும் கேட்டுக்கொண்டுதானே இருந்தன? நாளைக்கு நம்மையும் இப்படித்தான் பேசுவார்கள் என்று அவற்றுக்குப் புரிந்துவிட்டது. முதலில் மஞ்சள் வாயை மூடியது. பிறகு சிவப்பு. இலைகளில் சத்தமே இல்லை. நிச்சயத்தில் மோதிரத்தைக் காதில் வைத்துக் கேட்பதும் நின்றது. கேட்டு என்ன பிரயோசனம்? நேராக விரலில் போட ஆரம்பித்தார்கள். போட்டுக்கொண்டு அதிர்ஷ்டம் என்றார்கள்.

மாதியை இன்னொருத்தன் கட்டிக்கொண்டு போனான். அந்தக் கல்யாணத்துக்கும் வெள்ளிங்கன்தான் தேன் கொடுத்தான்.

அதற்குப் பிறகு அவன் நண்டின் கடையை விட்டு நகரவில்லை. மலைக்குப் போவான், இறங்குவான், பழைய இடத்தில் உட்காருவான். யாராவது வந்து ஒரு கல்லைக் காட்டி, "இது என்ன இப்படி..." என்று இழுத்தால் போதும். எழுந்துபோய், தேனீக்கு முகம் மூடுகிற துண்டை உருவி, வாங்குகிறவன் கைமேலும் நண்டின் கொடுக்குமேலும் சேர்த்துப் போட்டுவிடுவான்.

"வாயைத் தொறக்காத. எத்தனை குடம் தருவியோ அத்தனை விரலை நீட்டு. நண்டு தொட்டுப் பாத்துக்கும்."

"கொடுக்குக்குள்ளயா விரலை நீட்டறது?"

"நீட்டு."

பேரம் சீக்கிரம் முடிந்தது.

வெள்ளிங்கன் கிழவனானான். தும்மலும் குறைந்துபோயிற்று. தும்மல் வராத நாளில் ஒரு பிடி சருகைக் கொளுத்தி, புகையை மூக்கால் இழுப்பான். தும்முவான். மோதிரத்தைப் பார்ப்பான். ஆறு ஓடிக்கொண்டிருக்கும்.

அன்று முதல்தான் நீலக்கல்லில் நிறம் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. பட்டை தீட்டுகிறவர்கள் அந்த மூலையை அடியில் வைத்துத் தீட்டுகிறார்கள். கல் வாங்குகிறவனும் விற்கிறவனும் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைத் தொட்டுப் பேசுகிறார்கள். கல்லுக்கு வாய்தான் போயிற்று. காது போகவில்லை.